கடலுக்கு மஞ்சள் காமாலை

மார்ச் 2

என் அருமை மருமகளே, மாவு பிசையும் மகாராணியே,

யாருமே நம்ப மாட்டாத ஒரு கதையை உனக்குச் சொல்லப் போகிறேன். நீ நம்ப மாட்டாய். உன் அம்மா, என் கூடப்பிறந்தவள், தலையில் அடித்துக்கொள்வாள். உறையைத் தூக்கி வரும் தபால்காரர் சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்து விழுவார். இருந்தாலும் என் மீசை மேல் ஆணையாகச் சொல்லியே தீருவேன். ஆனால் இன்றைக்கு இல்லை. முதலில் உன் வேலை.

போனில் பேசலாமே என்று கேட்டிருந்தாய். என் காதுகள் இரண்டும் அச்சு மெஷினோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய களைப்பில், என்னைக் கேட்காமலே ஓய்வு பெற்றுவிட்டன. கடிதம்தான் நமக்குச் சரி.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உன் முதலாளியம்மா ரொட்டிக்கடையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போகிறார். வெளியாளுக்குக் கொடுக்க மனமில்லாமல் உனக்கே தருகிறேன் என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் உன் பங்கைக் கட்டியாக வேண்டும். வங்கி கொடுப்பது போக மீதிக்கு, சின்ன வயதில் நீ சேர்த்த ‘கடலரசர்கள்’ படக் கார்டுகளை விற்கப் பார்க்கிறாய். எந்தக் கார்டுக்கு என்ன மதிப்பு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறாய். யாரை? அந்தக் கார்டுகளையே அச்சடித்த மெஷின்மேனை! சமுத்திரத்திடம் போய் உப்பு இருக்கிறதா என்று கேட்கிறாய், கண்ணே.

கேட்டுக்கொள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார். கார்டை ஓரத்தில் பிடி. நேராகப் பார்க்காதே, வெளிச்சம் சாய்ந்து விழுகிற மாதிரி திருப்பிப் பார். அப்போதுதான் கீறல் காட்டிக்கொடுக்கும். நாலு மூலையும் கூராக இருக்க வேண்டும். பூனை கடித்த மாதிரி நைந்து வெளுத்திருந்தால் பாதி மதிப்பு போச்சு. படத்தைச் சுற்றி இருக்கிற வெள்ளை விளிம்பு நாலு பக்கமும் ஒரே அகலமா என்று பார். கீழே முதல் பதிப்பு முத்திரை இருக்கிறதா பார். கடைசியாக ஒன்று: விற்கிறவன் கேட்கிற விலையைப் பார்க்காதே, வாங்கினவன் கொடுத்த விலையைப் பார். கேட்பதற்கு என்ன, நான்கூட என் மீசைக்கு ஒரு தீவு கேட்பேன்.

அழுக்கு இருந்தால் என்ன செய்வது என்கிறாயா? பேரரசர்கள் தங்கள் ஓவியங்களை ரொட்டியின் நடுப்பஞ்சால்தான் துடைத்தார்கள். பேரரசிகள் மிச்ச ரொட்டியை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள். ரொட்டிக்காரிக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

இப்படிக்கு,
ஏழு கடலுக்கும் வண்ணம் பூசியவனும், உனக்கு ஒரே தாய்மாமனுமாகிய
நான்

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் வேலைக்கு ஆகிற வரிகளை மட்டும் பென்சிலால் கோடு போட்டு எடுத்துக்கொண்டேன். மீசை, தீவு எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வயசாகியும் அடங்க மாட்டேங்கிறானே”ன்னு சொல்லிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாங்க.

ரொட்டி அடுப்பில் இருக்கும் நேரத்தில் கார்டுகளை மூன்று குவியலாகப் பிரித்தேன். நல்லவை, சுமாரானவை, வெளுத்துப் போனவை. வெளுத்ததெல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி மாவுத் தட்டுக்கு அடியில் போட்டுவிட்டேன். அவை ஜன்னல் ஓரத்தில் கிடந்தவை, யாரும் சீண்ட மாட்டார்கள்.

நல்ல செய்தி, ‘பொன்துடுப்பு ராணி’ இருக்கிறாள்! மினுமினுக்கும் தங்கத் தாள் ஒட்டிய அந்த ஒரே கார்டு. முதல் பதிப்பு முத்திரையும் இருக்கிறது. இதே கார்டு போன மாதம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று விற்றவர்களிடமே விசாரித்தேன். மாமா, இவள் ஒருத்தி போதும். அடுப்பு, கவுண்டர், கண்ணாடி அலமாரி, வாசல் மணி எல்லாம் எனக்கே. வாசல் மணியை இன்று காரணமில்லாமல் இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். முதலாளியம்மா, “யாரும்மா வந்தது?”ன்னு கேட்டாங்க. “நான்தான்”னேன்.

ராணியின் முகத்தில் மட்டும் ஒரு விரல் கறை இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே நேற்றைய ரொட்டியின் நடுப்பஞ்சை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். கறை போயே போய்விட்டது. நாளை, கார்டுகளை மதிப்பீடு செய்யும் ஓர் அம்மாவிடம் காட்டப் போகிறேன்.

ரொம்ப நன்றி மாமா. கடை கைக்கு வந்ததும் முதல் ரொட்டி உங்களுக்குத்தான்.

உங்கள் மருமகள்

மார்ச் 9

மாமா,

உங்கள் பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை.

மதிப்பீடு செய்கிற அம்மாவின் கடை ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஒற்றை அறை. மேஜை விளக்கைச் சாய்த்து வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ராணியைப் பார்த்தார். பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“இத எதால தொடச்சீங்க?”

“ரொட்டியால.”

“ரொட்டியாலயா?”

“எங்க மாமா சொன்னார்.”

“உங்க மாமாவுக்கு இந்தக் கார்டு மேல ஏதாவது கோபமா?”

அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்கும் காட்டினார். தங்கத் தாள் முழுக்க முடி மாதிரிக் கீறல்கள், வட்டம் வட்டமாக. விரல் கறையோடு வந்திருந்தால்கூட நல்ல விலை போயிருக்குமாம். கார்டை எதைக் கொண்டும் துடைக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடமாம். இப்போது அவள் விலைக்கு அடுப்பின் கதவுகூட வராது.

தேய்த்தது என் கைதான். ஆனால் உங்கள் பேச்சில் எது நிஜம், எது அளப்பு என்று பிரித்துப் பார்க்க இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லையே மாமா. எல்லோரும் உங்களை ‘அளப்பு மாமா’ என்று கூப்பிடும்போது நான் ஒருத்திதான் சண்டைக்குப் போவேன். இனிமேல் போக மாட்டேன்.

பதில் எழுத வேண்டாம்.

மார்ச் 14

மருமகளே,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். ஒரு தடவை பொறுத்துக்கொள்.

இந்த இடத்தில் போட ஒரு பெரிய பட்டப்பெயர் யோசித்து வைத்திருந்தேன். பேனா ஓடவில்லை.

ஓவியத்தை ரொட்டியால் ஒற்றுவது பழைய வழக்கம், அது சொரசொரப்பான தாளுக்கு. பளபளப்புத் தங்கத் தாளுக்கு அல்ல. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரி வேடிக்கையாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேனே தவிர, நம்புவாய் என்று நினைக்கவில்லை. என்னை நம்புகிற ஒரே ஆளிடம் கொஞ்சம் பார்த்துப் பேசியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள், கண்ணு.

இப்போது ஒரு வேலை. வேடிக்கை இல்லாமல் எழுதுகிறேன், எனக்கே மூச்சு முட்டுகிறது. வெளுத்தது என்று ஒரு கட்டு போட்டாயே, அதைப் பிரி. அதில் ‘கலங்கரைக் காவலன்’ இருக்கிறானா பார். தாடிக்காரன், விளக்கைத் தூக்கிப் பிடித்திருப்பான், பின்னால் கடல். சாதாரணக் கார்டு, பாக்கெட்டுக்குப் பாக்கெட் வந்தவன். மற்றவர்களிடம் இருக்கிற காவலனுக்குப் பின்னால் கடல் பச்சையாக இருக்கும். உன்னுடையதில் மட்டும் எலுமிச்சை மஞ்சள்.

வெயில் பட்டால் முதலில் ஓடுவது மஞ்சளும் சிவப்பும். நீலம்தான் கடைசிவரை நிற்கும். அதனால் வெளுத்த கார்டு நீலம் பூத்துக் கிடக்கும். உன் காவலன் அதற்கு நேர்மாறு. மஞ்சள் அப்படியே இருக்கிறது, நீலம் மட்டும் இல்லை. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால்தான் பச்சைக் கடல். நீலம் விழவே இல்லை என்றால்?

அவனைக் கிள்ளாதே, துடைக்காதே, அவன் பக்கத்தில் தும்மாதே. உறையில் போட்டு அந்த அம்மாவிடமே கொண்டுபோ. கூடவே பச்சைக் கடல் காவலன் ஒருவனையும் எடுத்துப் போ. ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

மாமா

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

‘எனக்கே மூச்சு முட்டுகிறது’ என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குமேல் கோபத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. நான் எழுதியதில் கடைசி வரியையும் அதற்கு முந்தின வரியையும் அடித்துவிடுங்கள். யாராவது ‘அளப்பு மாமா’ என்றால் மறுபடியும் சண்டைக்குப் போவேன்.

காவலன் இருந்தான், மாவுத் தட்டுக்கு அடியில்! ரப்பர் பேண்ட், கட்டின் மேலே இருந்த கார்டைத்தான் வெட்டியிருந்தது. இவன் நடுவில் பத்திரமாகக் கிடந்தான். நாலு மூலையும் கத்தி மாதிரி.

அந்த அம்மா முதலில் கையில் வாங்கவே தயங்கினார். “இதுக்கு கேக் வச்சு தொடச்சீங்களா?” என்றார். நான் பச்சைக் கடல் காவலனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பூதக்கண்ணாடியில் பச்சைக் கார்டைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். மறுபடி பச்சை, மறுபடி மஞ்சள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீலப் புள்ளி ஒண்ணுகூட இல்லம்மா. அழிச்சிருந்தா எங்கயாவது ஒரு புள்ளி மிச்சம் இருக்கும். தாளும் தேஞ்சிருக்கும். இது மெஷின்லயே அப்படி வந்தது” என்றார். அப்படிச் சில கார்டுகள் வெளியே போயிருக்கின்றன என்று சேகரிப்பவர்கள் நடுவில் ரொம்ப நாளாகப் பேச்சு உண்டாம். அவர் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். ஒழுங்காக அச்சான கார்டைவிட, தப்பாக அச்சாகித் தப்பித்து வந்தது உசத்தி என்றார். கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

வாங்க ஒருவர் இருக்கிறார், கப்பலில் எஞ்சின் பார்க்கிறவர். அவர் கேட்பது ஒன்றே ஒன்று. அச்சகத்தில் வேலை செய்தவர் யாராவது, இது எப்படி நடந்தது, கார்டு எப்படி என் கைக்கு வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அந்த அம்மா, “ரொட்டி மாமாவா எழுதுவார்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், உள்ளதை மட்டும் எழுதுங்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் காமாலையில் படுத்து எழுந்த புதிது. நீங்கள் ஒரு பெட்டி நிறையப் பாக்கெட் கொண்டுவந்தீர்கள். நான் பிரித்து, “கடல் ஏன் மாமா மஞ்சளா இருக்கு?”ன்னு கேட்டேன். “அதுக்கும் உன்ன மாதிரியே காமாலை. நீ தேறிட்டல்ல? அதுவும் தேறிடும்”னீங்க. அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் ஒவ்வொரு கதை.

அந்தக் காமாலைக் கதையைக் கப்பல்காரருக்கு எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 22

மாட்சிமை தங்கிய மருமகளே,

இத்துடன் நீ கேட்ட சான்று. இதை எழுத நான் பட்ட பாடு மலைகளுக்குத் தெரியும். மூன்று தடவை ஒரு திமிங்கலம் தானாக உள்ளே நுழைந்தது, மூன்று தடவையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன். முழுசாக எழுதியிருப்பது இவ்வளவுதான்:

‘நான் இந்தக் கார்டுகள் அச்சான நான்கு வண்ண மெஷினின் மெஷின்மேன். ஒரு நாள் காலை நீல மசித் தொட்டி காலியானது. கவனிப்பதற்குள் சில தாள்கள் நீலம் இல்லாமல் போயின. கழித்துப் போட்டோம். சில தப்பி, கார்டுகளாக வெட்டப் போயிருக்கின்றன. கார்டு வரிசை அச்சாகி முடிந்ததும் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி பாக்கெட் கொடுத்தார்கள். என் பெட்டியை என் மருமகளுக்குக் கொடுத்தேன். பாக்கெட்டை அவளே பிரித்தாள்.’

படித்துப் பார்த்தேன். இதை எழுதியவனோடு ஒரே பேருந்தில்கூடப் போக மாட்டேன், அவ்வளவு உப்புச் சப்பில்லாத ஆள்.

இனி உண்மைக்கு வருவோம். அன்றைக்கு நடந்தது என்னவென்றால், மெஷின் ஓடுகிறது, பின்கதவு தட்டுகிறது. திறந்தால் திமிங்கலம். “அண்ணே, கடல்ல நீலம் தீந்துபோச்சு, கொஞ்சம் கடன் குடுங்க” என்கிறது. தாகத்தோடு வந்தவனுக்கு இல்லை என்று சொல்கிற வம்சமா நம்முடையது? தொட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். ஒரே மடக்கு. போகும்போது வாலை ஆட்டியதில் மானேஜரின் வழுக்கையில் முடி முளைத்தது. அவரைக் கேட்டுப் பார், மறுப்பார், நன்றியில்லாத மனுஷன்.

இந்தக் கதை உனக்கு மட்டும். கப்பல்காரருக்குப் போகக் கூடாது, கடலில் அவருக்குத் திமிங்கலத்தின் தயவு வேண்டியிருக்கும்.

தங்கள் அடிபணிந்த,
மசி மண்டலேசுவரன்

மார்ச் 30

அன்புள்ள மாமாவுக்கு,

கை முழுக்க மாவு. எழுத்து ஒட்டிக்கொண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காவலன் போய்விட்டான். கப்பல்காரர் உங்கள் சான்றை இரண்டு தடவை படித்துவிட்டு, “நேர்மையான மனுஷர். ஒரு வார்த்தை கூடுதலா இல்ல” என்றார். அந்த அம்மாவும் நானும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் வேறு வேறு சுவரைப் பார்த்துக்கொண்டோம். கார்டைக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் விரல் விடவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் வாசல் மணி ஞாபகம் வந்தது. கொடுத்துவிட்டேன்.

கடை எனக்கு வந்துவிட்டது மாமா. கெடுவுக்கு முன்னாலேயே. முதலாளியம்மா சாவியைக் கையில் வைத்து, “அடுப்போட இடது மூலை கொஞ்சம் அவசரக்காரி, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, கவுண்டரை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார். இன்று காலை வாசல் மணி அடித்தபோது நான் அடிக்கவில்லை, வாங்க வந்தவர் அடித்தார்.

நீங்கள் மெஷின் ஓட்டி, நீங்கள் பெட்டியைக் கொடுத்து, நீங்களே ராணியைக் கெடுத்து, நீங்களே காவலனைக் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். எதற்கு நன்றி சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் மொத்தமாகச் சொல்கிறேன். நன்றி மாமா. ராணியைச் சட்டம் போட்டுக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். கீறலோடு கம்பீரமாகத்தான் இருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். தொட்டி எப்படிக் காலியானது? அம்மாவிடம், “மாமா மெஷின விட்டு நகரவே மாட்டாராமே, அன்னிக்கு மட்டும் எப்படி கவனிக்காம விட்டார்?” என்று கேட்டேன். அம்மா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, “அத உங்க மாமாவையே கேளு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் கலங்கின மாதிரி இருந்தது.

பார்சலில் ரொட்டி வருகிறது. முதல் அடுப்பில் வந்தது. எதையும் துடைக்க வேண்டாம், சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 5

என் ரொட்டிச் சக்கரவர்த்தினியே,

ரொட்டி வந்தது. அதன் வாசனைக்குத் தெருவே கூடிவிட்டது. போக்குவரத்து நின்றது. எதிர்வீட்டு நாய் இரண்டு கால்களில் நின்று கைகூப்பியது. முதல் துண்டைக் கடித்ததும் என் இடது காது திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டது. வலது காது ஒரு ரொட்டி கூடுதலாகக் கேட்கிறது.

யாரும் நம்ப மாட்டாத கதை ஒன்று பாக்கி இருக்கிறது, முதல் கடிதத்தில் மீசை மேல் ஆணையிட்டது. வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன். கார்டு உன் கையில் இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால், நீ அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கடை வேறு யாருக்காவது போயிருக்கும். இப்போது காவலன் கப்பலில் இருக்கிறான், சாவி உன்னிடம் இருக்கிறது. சொல்லலாம்.

அன்று காலை அச்சக ஆபீஸ் அறையில் போன் அடித்தது. “உனக்குத்தான்யா, உங்க அக்கா!” என்று கத்தினார்கள். நான் மெஷினை விட்டுத் தாவினேன். தாவிய வேகத்தில் செருப்பு தீப்பிடித்தது. வழியில் இருந்த தாள் கட்டுகள் எழுந்து நின்று ஒதுங்கின. கதவு, திறக்க நேரமில்லை என்று புரிந்துகொண்டு தானே கழன்று விழுந்தது. உன் அம்மா பேச முடியாமல் அழுதாள். கண்ணீர் கம்பி வழியாகவே வந்து என் சட்டையை நனைத்தது. நான் அழவில்லை. அன்றைக்கு அச்சகத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதற்கு வேறு ஏதோ குழாய் உடைந்ததுதான் காரணம். போனை வைத்துவிட்டு மானேஜரைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினேன், நாலாவது சுற்றில் அவர் கூரையைத் துளைத்துக்கொண்டு போய் அடுத்த வாரம்தான் திரும்பினார். திரும்பி வந்து, “கடல் ஏன்யா மஞ்சளா இருக்கு?” என்று கேட்டார். “இருந்துட்டுப் போகட்டும் சார்” என்றேன். அவரும் போனில் என்ன சேதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்தான். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நீ எனக்கு நன்றி எழுதியிருக்கிறாய். கணக்குத் தலைகீழ், கண்ணு. அந்தக் கார்டை அப்படி அச்சடித்தது நான் இல்லை, நீ.

செருப்பு, கதவு, வெள்ளம், மானேஜர் எதையும் நம்ப வேண்டாம். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். கண்ணெல்லாம் மஞ்சளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டு, கூப்பிட்டாலும் முனகாமல் கிடந்த நீ, அன்று காலை எழுந்து உட்கார்ந்து, “ரொட்டி வேணும்” என்று கேட்டாய். அதைக் கேட்கத்தான் நான் மெஷினை விட்டுப் போனேன்.

மாமா